தீப்பொறியைத் தேடி... ட்ரையல்ஸ் பைக்கும் பற்றவைப்பின் வரலாறும்

மோட்டார் சைக்கிள் போட்டி என்றதும் வேகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேகத்துக்கு மதிப்பெண்ணே இல்லாத போட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் ட்ரையல்ஸ். பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு ஆகியவற்றின் மீது காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி. வண்டி முன்னேறாமல் நின்றுவிட்டால் 5 புள்ளிகள். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்!

இதனால் ட்ரையல்ஸ் வீரருக்கு இன்ஜினின் வேகத்தைவிட, அது அணையாமல் இருப்பதே முக்கியம். அணைந்தாலும் அடுத்த உதையில் ஸ்டார்ட் ஆக வேண்டும். அந்த ஒரு உதைக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

நெருப்பிலிருந்து மின்சாரத்துக்கு

1885-ல் ஜெர்மனியில் டெய்ம்லரும் மேபாக்கும் உருவாக்கிய முதல் பெட்ரோல் இருசக்கர வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஒரு சிறு குழாயை வெளியிலிருந்து விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சுவார்கள். அந்தச் சூட்டில்தான் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். காற்றில் சுடர் அணைந்தால் வண்டியும் நின்றுவிடும்.

அடுத்து பேட்டரியும் காயிலும் வந்தன. அந்தக் காலத்து பேட்டரி கனமானது, சீக்கிரம் தீர்ந்துவிடும். இதற்கு விடை கண்டது ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த ராபர்ட் போஷ் பட்டறை. 1897-ல் ஒரு டி டியான் மூன்று சக்கர வண்டிக்கு மேக்னெட்டோவைப் பொருத்தினார்கள். 1902-ல் அங்கு பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட், ஸ்பார்க் பிளக்குடன் வேலை செய்யும் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். காந்தமோ கம்பிச் சுருளோ சுழலும்போது மின்சாரம் தானாகவே உண்டாகும். பேட்டரி தேவையில்லை!

வணிகத்தில் ஒரே இடத்தை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் இந்தக் கருவியே உதாரணம். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது, பிரிட்டன் தனக்குத் தேவையான மேக்னெட்டோக்களில் பெரும்பகுதியை ஜெர்மனியிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. எதிரி நாட்டிலிருந்து இனி எப்படி வாங்குவது? அவசர அவசரமாக உள்நாட்டிலேயே தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மலைப்பாதையில் மேக்னெட்டோ

ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் ட்ரையல்ஸ் போட்டியின் தொடக்கம் 1909. மழையிலும் சேற்றிலும் நடக்கும் இப்போட்டிக்கு மேக்னெட்டோ மிகவும் ஏற்றது. பேட்டரியின் எடை இல்லை, அது இறங்கிவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. மெதுவாகச் சுற்றினால் பொறியும் பலவீனமாக இருக்கும். அரைமனதாக உதைத்தால் வண்டி எழும்பாது.

இதே போட்டியில் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்டு வண்டியில். அந்த நிறுவனத்தின் புல்லட்தான் 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கி நம் ஊர் வண்டியானது. இங்கு ஓடிய புல்லட்டில் இருந்தது பேட்டரியும் காயிலும். பழைய புல்லட்காரர்கள் ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல நகர்த்திவிட்டுப் பிறகுதான் உதைப்பார்கள். முள் நடுவில் நின்றால் பாயின்ட் திறந்திருக்கிறது என்று பொருள். பற்றவைப்பு அமைப்பின் நிலையைக் கண்ணாலேயே பார்த்துவிடும் வித்தை அது!

1965-ல் சாமி மில்லர், ஸ்பெயின் நாட்டு புல்டாகோ ஷெர்பாவில் ஸ்காட்லாந்து போட்டியை வென்றார். கனமான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்து, எடை குறைந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் தொடங்கியது. அவற்றில் காந்தங்கள் ஃப்ளைவீலுக்குள்ளேயே இருந்தன. அதன் உள்ளே காயில், பாயின்ட், கண்டென்சர் மூன்றும் அடக்கம்.

பழுதைக் கண்டுபிடிக்கும் வரிசை

அந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வீரரே மலையில் உட்கார்ந்து காரணம் கண்டுபிடிக்கலாம்.

1. பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம்.

2. பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்துவிட்டு, பிளக்கை அதன் துளையிலிருந்து தள்ளி, இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்து உதைக்க வேண்டும். பளிச்சென்ற நீலப் பொறி நல்லது. மெலிந்த மஞ்சள் பொறி நோயின் அடையாளம்.

3. பொறியே இல்லையா? முதலில் இன்ஜினை அணைக்கும் பொத்தானின் வயரைக் கழற்ற வேண்டும். அந்த வயர் உரசித் தேய்ந்து உலோகத்தில் பட்டாலே பொறி நின்றுவிடும்.

4. பிறகு பாயின்ட். எண்ணெய் படிந்திருக்கலாம், இடைவெளி குறைந்திருக்கலாம். பொதுவாக இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தாலே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும்.

5. பாயின்ட் கருகியிருந்து, உதைக்கும்போது அங்கே அதிகமாகப் பொறி பறந்தால் கண்டென்சர் போயிருக்கக்கூடும்.

6. குளிரில் ஓடி, சூடானதும் நின்று, ஆறிய பிறகே மீண்டும் ஸ்டார்ட் ஆனால் காயில் அல்லது கண்டென்சர்மீது சந்தேகப்படலாம்.

மூடிய பெட்டி

1970, 1971, 1972 ஆகிய மூன்று ஆண்டுகளும் மிக் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்தில் ஓசா வண்டியில் வென்றார். அவர் பெயரிலேயே வெளிவந்த ஓசா ட்ரையல்ஸ் வண்டியில் பாயின்ட் இல்லை. மோட்டோபிளாட் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தது. தேய்வதற்கு எதுவுமில்லை, அடிக்கடி சரிசெய்யவும் தேவையில்லை. வீரர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் அதன் பாகங்கள் பிசினில் புதைத்து மூடப்பட்டவை. கெட்டுப்போனால் திறந்து பார்க்க வழியில்லை. மீட்டரால் அளந்து பார்த்து வேறொன்றை மாற்றலாம், அவ்வளவுதான். பின்னாளில் ஓசாவும் மூடப்பட்டது, மோட்டோபிளாட்டும் மூடப்பட்டது. இன்று அந்த வண்டிகளைப் பழுதுபார்ப்பவர்கள் பழைய உதிரியைத் தேட வேண்டும், அல்லது வேறு நிறுவனத்தின் அமைப்பை வாங்கிப் பொருத்த வேண்டும். அதைவிடப் பழைய புல்டாகோவின் பாயின்ட்டையோ உப்புத்தாளால் தேய்த்தே ஓட்டிவிடலாம்!

எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது நல்லதே. அதில் சந்தேகமில்லை. பழுது குறைந்தது. ஆனால் பழுது பார்க்கும் அறிவு வீரரின் கையிலிருந்து மூடிய பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டியைச் செய்தவர் இருக்கும்வரை கவலையில்லை. அவர் கடையை மூடிவிட்டால்? 1914-ல் பிரிட்டன் கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான்.

ஒன்று மட்டும் மாறவில்லை. பாயின்ட் போனாலும், பெட்டி வந்தாலும், ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் பைக்கின் முன் உட்காருபவர் முதலில் பிளக்கைக் கழற்றி, பொறி வருகிறதா என்றுதான் பார்க்கிறார்.