புதிய அலையில் இரு நண்பர்கள்: த்ரூஃபோவும் கோதாரும்

நட்பைப் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை வரிசையாக வைத்தார். சிநேகம் பிடிப்பது சுலபம், காப்பாற்றுவதுதான் பெரும்பாடு என்பதை அவர் அறிந்திருந்தார். பிரெஞ்சு சினிமாவின் 'புதிய அலை' வரலாறு இதற்கு நல்ல சாட்சி.

ஒரே கொட்டகையில் வளர்ந்தவர்கள்

பிரான்சுவா த்ரூஃபோ 1932-இல் பாரிஸில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று தெரியாமல் வளர்ந்தார். 14 வயதிலேயே படிப்பு நின்றது. ழான்-லுக் கோதார் 1930-இல் பிறந்தவர். தகப்பனார் மருத்துவர், தாய்வழிப் பாட்டனார் வங்கியாளர். ஒருவர் இல்லாத வீட்டுப் பிள்ளை, மற்றவர் வசதியான வீட்டுப் பிள்ளை. இருவரையும் சேர்த்து வைத்தது சினிமாக் கொட்டகை! ஹென்றி லாங்லுவா நடத்திய திரைப்படக் காப்பகத்திலும் பாரிஸின் திரைப்படச் சங்கங்களிலும் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். ரோமர், ரிவெத், ஷாப்ரோல் ஆகியோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

இவர்களுக்கெல்லாம் ஆசானைப் போல இருந்தவர் ஆந்த்ரே பஸான். இராணுவத்தை விட்டு ஓடிச் சிறைப்பட்ட த்ரூஃபோ வெளியே வரப் பாடுபட்டவர் அவர்தான். 1951-இல் அவரும் சேர்ந்து தொடங்கிய 'கையே து சினிமா' இதழில் இந்த இளைஞர்கள் எழுதினார்கள். 1954 ஜனவரியில் த்ரூஃபோ எழுதிய கட்டுரை அன்றைய பெரிய தலைகளைக் கதிகலங்கச் செய்தது. படத்துக்கு ஆசிரியன் இயக்குநரே என்பது இவர்கள் கட்சி.

கொடுத்ததும் பெற்றதும்

1958-இல் பாரிஸ் பக்கம் வெள்ளம் வந்தபோது த்ரூஃபோ எடுத்துவிட்டுக் கைவிட்ட காட்சிகளைக் கோதார் வாங்கித் தொகுத்து, வர்ணனை எழுதி ஒரு குறும்படமாக்கினார். அதே ஆண்டு கான் விழாவுக்கு விமர்சகராக வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர் த்ரூஃபோ. மறு ஆண்டே '400 அடிகள்' படத்துக்காக அங்கே சிறந்த இயக்குநர் பரிசு வாங்கினார். படப்பிடிப்பு தொடங்கிய வேளையில் இறந்துபோன பஸானுக்கே அப்படத்தைக் காணிக்கையாக்கினார்.

தான் கரையேறியதும் நண்பனை அவர் மறக்கவில்லை. கோதாரின் முதல் முழுநீளப் படமான 'மூச்சுத் திணற' (1960) த்ரூஃபோ கொடுத்த கதைக்குறிப்பிலிருந்து பிறந்தது. ஷாப்ரோல் தொழில்நுட்ப ஆலோசகர் என்று தம் பெயரைக் கொடுத்து உதவினார். 1967-இல் வந்த கோதார் படம் ஒன்றுக்கு த்ரூஃபோவின் கம்பெனியும் கூட்டுத் தயாரிப்பாளர்.

1968 பிப்ரவரியில் அரசாங்கம் லாங்லுவாவைப் பதவியிலிருந்து இறக்கியபோது இருவரும் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரலில் அவர் திரும்ப அமர்த்தப்பட்டார். மே மாதம் மாணவர், தொழிலாளர் போராட்டத்துக்கு ஆதரவாகக் கான் விழாவையே நிறுத்த வைத்தவர்களிலும் இந்த இருவர் உண்டு. இவர்கள் தோளோடு தோள் நின்ற கடைசிக் காலம் அதுதான்.

விரிசல்

அதன்பின் கோதார் தீவிர அரசியல் சினிமாவுக்குப் போனார். த்ரூஃபோ கதை சொல்வதை விடவில்லை. 1973-இல், படப்பிடிப்பு உலகத்தையே கதையாக்கி த்ரூஃபோ எடுத்த 'அமெரிக்க இரவு' வெளிவந்தது. அதைப் பார்த்த கோதார், 'நீ பொய்யன்' என்ற பொருள்பட ஒரு கடிதம் எழுதினார். அதே கடிதத்தில், தம் அடுத்த படத்துக்குப் பணமும் கேட்டார்! இருவர் படங்களிலும் நடித்த ழான்-பியேர் லெயோவுக்கும் பணம் கேட்டு ஒரு கடிதம் இணைத்திருந்தார்.

த்ரூஃபோவின் பதில் சுமார் 20 பக்கம். பணம் தரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, லெயோவுக்கான கடிதத்தையும் திருப்பி அனுப்பினார். அந்தப் பையனைப் பதினான்கு வயதில் திரைக்குக் கொண்டுவந்தவர் அவரல்லவா? பிறகு, கோதார் யார் யாரைப் புண்படுத்தினார் என்று வருஷக்கணக்காக மனத்துக்குள் எழுதி வைத்த பேரேட்டைத் திறந்துவிட்டார்.

கடைத்தெருவில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பணம் கேட்டதால் முறியும் நட்பு குறைவு. எழுதாமல் வைத்த கணக்கு ஒரே நாளில் நிலுவைக்கு வரும்போதுதான் முறிகிறது. 'பழைமை' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் பொறுமை இருவரிடமும் அன்றைக்கு இல்லை.

எஞ்சியது

1980-இல் கோதார் பழைய நண்பர்களைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினார். த்ரூஃபோ இசையவில்லை. 1984 அக்டோபர் 21 அன்று மூளைக் கட்டியால் அவர் காலமானார்; வயது 52. 1988-இல் அவர் கடிதங்கள் நூலானபோது முன்னுரை எழுதியவர் கோதார்! தம்மைச் சாடிய அந்த நீண்ட கடிதமும் உள்ளே இருக்கும் நூலுக்குத்தான் எழுதினார். 2022 செப்டம்பர் 13 அன்று, 91-ஆவது வயதில், கோதாரும் மறைந்தார்.

அந்த முன்னுரையைப் படிக்க வேண்டியவர் நான்கு வருஷம் முன்பே போய்விட்டார். ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு, ஆரம்ப காலத்தில் ஒரே அறையில் தங்கி ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள் உண்டு. அவர்களில் பேச்சு நின்றுபோனவர் யாராவது இருந்தால், முன்னுரை எழுதும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.