நையாண்டி மேளம் (தென்காசி வட்டாரம்)

நையாண்டி மேளம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, சங்கரன்கோவில் பகுதிகளில் அம்மன், சுடலைமாடன் கோயில்களின் கொடை எனப்படும் திருவிழாக்களில் திறந்தவெளியில் வாசிக்கும் நாட்டார் இசைக்குழு. ஊர் வழக்கில் ‘மேள செட்’. இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தாளம் ஆகியவை அடிப்படைக் கருவிகள். சில செட்டுகளில் உறுமியும் கிடுகிட்டியும் சேரும். கோயில்களில் வாசிக்கும் நாகசுர-தவில் குழுவான பெரிய மேளம் இராகத்தை விரித்து வாசிக்கும். நையாண்டி மேளத்துக்கு ஆட்டமே உயிர். கரகாட்டமும் காவடியும் இதன் துணையில் ஆடப்படுகின்றன.

கொடைக்கு ஊரார் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி) பிரித்து, முன்பணம் கொடுத்து செட்டை அமர்த்துவார்கள். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை ஒட்டியே கொடை நடக்கும். குடியழைப்பு (தெய்வத்தை அழைக்கும் சடங்கு), மதியக்கொடை, நள்ளிரவுச் சாமக்கொடை, முளைப்பாரி எடுப்பு என ஒவ்வொரு சடங்கையும் மேளமே தொடங்கி வைக்கிறது. வில்லுப்பாட்டும், மாடன் கோயில்களில் மகுடம் என்ற பறையை அடித்துப் பாடும் கணியான் கூத்தும் தெய்வத்தின் கதையைச் சொல்கின்றன. அந்தத் தெய்வத்தை ஆட வைப்பது மேளத்தின் வேலை. சாமக்கொடையில் பம்பையும் தவிலும் காலம் கூடக் கூட, வாசிப்பவர்களின் கண் சாமியாடியின் காலிலேயே இருக்கும். அருள் வரத் தாமதமானால் அடியை மாற்றுவார்கள். வந்துவிட்டால் அவர் காலுக்கு வாசிப்பார்கள். இவ்வளவு கூர்மையான தாள அறிவு, எழுதிவைத்த பாடம் எதுவும் இல்லாமல், செட்டோடு ஊர் ஊராகப் போய்க் கற்கப்படுகிறது.

இந்த மண்ணுக்கே உரிய பாட்டுச் செல்வம் காவடிச் சிந்து. 19ஆம் நூற்றாண்டில் அதை இயற்றிய அண்ணாமலை ரெட்டியார், சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்துக்காரர். அதன் மெட்டுகள் நாகசுரத்துக்கு மிக இயல்பாகப் பொருந்துகின்றன. அவற்றோடு சினிமாப் பாட்டும் வாசிக்கப்படும். கூட்டம் கேட்பதை மறுக்கும் வழக்கம் இல்லை.

குற்றாலத்தில் சீசன் காலத்தில் அரசு நடத்தும் சாரல் விழாவில் நாட்டார் கலைகளுக்கு மேடை கிடைக்கிறது. வெளியூர்ப் பயணிகள் இக்கலைகளை அறிய அது நல்ல வழி. ஆனால் குறித்த நேரத்துக்குள் முடியவேண்டிய நிகழ்ச்சியில் விடிய விடிய நீளும் வாசிப்புக்கு இடம் இல்லை. நையாண்டி மேளத்தை முழுதாகக் கேட்கக் கொடைக்குத்தான் போகவேண்டும்.

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தின் செண்டை மேளமும் இன்று இப்பக்கத்து ஊர்வலங்களிலும் ஒலிக்கிறது. ஊர்வலத்துக்குச் செண்டை கம்பீரம் சேர்க்கும். ஆனால் சாமியாட்டத்துக்கு ஏற்ற அடிகள் நையாண்டி மேளக்காரர்களிடமே இருக்கின்றன.