தி.நகரும் 'வரன்முறை' என்ற சொல்லும்

தி.நகர் கெட்டுவிட்டது என்பது சென்னையில் அநேகமாக யாரும் மறுக்காத அபிப்ராயம். குடியிருப்பு கடைத்தெருவாகிவிட்டது என்பது இதன் அர்த்தம். இதில் வரலாறு எங்கே தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, நீண்ட ஏரி எனப்பட்ட நீர்ப்பரப்பை வடித்துத்தான் இந்தக் குடியிருப்பு உண்டாக்கப்பட்டது. பனகல் பூங்காவை அமைத்து, தெருக்களுக்கு நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்களை வைத்தார்கள். நிலத்தின் உபயோகம் முதலில் மாறியது அப்போதுதான். அதை யாரும் சீரழிவு என்பதில்லை. நம் வருத்தம் இரண்டாவது மாற்றத்திலிருந்தே தொடங்குகிறது.

அந்த இரண்டாவது மாற்றமும் திடீரென்று வந்ததல்ல. நல்லி 1928-லேயே அங்கு கடை வைத்தாயிற்று. மாம்பலம் ரயில் நிலையம் ரங்கநாதன் தெருவின் வாயிலிலேயே இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் நடந்துபோகும் வழியில் வீட்டுத் திண்ணைகள் வெகுநாள் திண்ணைகளாகவே இருந்திருக்க முடியாது. 1976-ல் ஏற்கப்பட்ட முதல் மாஸ்டர் பிளான் நகரத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்றெல்லாம் வகுத்தது. திட்டம் என்பது எதிர்காலத்தைப் பற்றிய எழுத்து. நம்மிடம் அது நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும் எழுத்தாக மாறிப்போனது.

இந்த மாறுதலைச் சட்டத்திலேயே படிக்கலாம். 1971-ம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ம் பிரிவு அரசுக்கு விதிவிலக்களிக்கும் அதிகாரம் தந்தது. அப்படி விலக்களித்த 62 அரசாணைகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2000-ல் பிரிவு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் 1998-ல் 113-அ வந்திருந்தது: கட்டணம் செலுத்தினால் மீறல் மன்னிக்கப்படும், ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறை பல முறை நீண்டது. 2006-ல் உயர் நீதிமன்றம் முதல் சலுகையை ஏற்றுப் பிந்தைய நீட்டிப்புகளைத் தள்ளியது. 2007-ல் அவசரச் சட்டம். 2012-ல் 113-இ, 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு மறுபடியும் வழி.

இதற்கு அலுவலகத் தமிழ் வைத்த பெயர் வரன்முறைப்படுத்துதல். வரன்முறை என்றால் வழிவழியாக வந்த ஒழுங்கு. ஒழுங்கை மீறியதையே ஒழுங்கின் பெயரால் அழைக்கும்போது, விதிப்படி பக்கவாட்டில் இடம்விட்டுக் கட்டியவனுக்குச் சொல்ல வார்த்தை இல்லாமல் போகிறது. வங்கியில் என் மேஜைக்கு வரும் கடன் மனுக்களில் இதன் சாயலைப் பார்க்கிறேன். அங்கீகரித்த வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடமாக உள்ள தரைத்தளம், வாடகை ஒப்பந்தத்தில் ஜவுளிக்கடை. இரண்டும் முத்திரையுள்ள பத்திரங்கள். இரண்டையும் ஒரே ஃபைலில் கோத்துவைப்பதில் எவருக்கும் சங்கடமில்லை.

தகராறு குடியிருப்போருக்கும் வியாபாரிகளுக்கும் இடையே என்றுதான் பேசப்படுகிறது. ஒரு தரப்பிடம் வீட்டுப் பத்திரம், மறு தரப்பிடம் கட்டண ரசீது. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் பெரிய கடையொன்றில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். இவர்களைப் போன்றவர்கள் எந்தத் தரப்பு? தென்மாவட்டங்களிலிருந்து வந்து, பகலெல்லாம் நின்று துணி விரித்துக் காட்டி, இரவில் பக்கத்துக் கட்டடங்களில் வரிசையாகப் படுத்துறங்கும் இவர்களை 2010-ல் 'அங்காடித் தெரு' திரைப்படம் காட்டியது. பார்த்தோம், வருந்தினோம். ஆனால் மாஸ்டர் பிளானின் பிரிவினைப்படி அவர்கள் படுத்துறங்கும் அறை குடியிருப்பா, வணிகமா? தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்துக்குத் தெரு வேண்டும் என்ற விதி முதலில் காப்பது அந்த அறையில் உறங்குபவர்களைத்தான். அந்த விதியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தளர்த்தும்போது யாருடைய உயிருக்கு விலை பேசப்படுகிறது என்பதை இரு தரப்பும் கேட்கவில்லை. பழைய தி.நகரை நினைத்து ஏங்கும் நம் எழுத்துகளும் கேட்டதாகத் தெரியவில்லை.