ஜக் ஜோன்சன்: புகழும் பழியும்

குத்துச்சண்டை மேடையில் வெற்றி யாருடையது என்பதை, மத்தியஸ்தர் ஒருவர் பத்து எண்ணி முடிக்கும் நேரத்துக்குள் தீர்மானித்துவிடலாம். ஆனால், அவ்வெற்றியைப் பெற்றவர் புகழுக்குரியவரா, பழிக்குரியவரா என்பதைத் தீர்மானிப்பதற்கோ சில வேளைகளில் ஒரு நூற்றாண்டு தேவைப்படுகின்றது. உலக அதிபாரக் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதலாவது கறுப்பினத்தவராகிய ஜக் ஜோன்சனின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

ஜோன்சன் 1878ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலே, கல்வெஸ்டன் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் முன்னர் அடிமைகளாயிருந்தவர்கள். அடிமை முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டு அப்பொழுது பதின்மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. சட்டத்திலே விடுதலை எழுதப்பட்டுவிட்டது. மக்கள் மனத்திலோ அது எழுதப்படவில்லை. துறைமுகத்திற் கூலி வேலை செய்த அவ்விளைஞர் தமது கைகளின் வலிமையையும் கண்களின் கூர்மையையும் நம்பிக் குத்துச்சண்டைத் தொழிலிற் புகுந்தார்.

அக்காலத்தில் அதிபாரப் பிரிவின் பட்டம் வெறும் விளையாட்டுப் பட்டமாகக் கருதப்படவில்லை. உலகிலேயே வலிமை மிக்க ஆண்மகன் இவன் என்று கூறும் விருதாக அது மதிக்கப்பட்டது. ஆதலின், அதனை ஒரு கறுப்பினத்தவர் பெறுதல் கூடாது என்பது எழுதாச் சட்டமாயிற்று. பட்டத்தை வைத்திருந்த ஜோன் சல்லிவன், பீற்றர் ஜக்சன் என்னும் சிறந்த கறுப்பின வீரருடன் மோத மறுத்தார். அவருக்குப் பின் வந்த ஜிம் ஜெவ்ரீசும் கறுப்பினத்தவருக்குப் பட்டப் போட்டியில் இடமளிக்காமலே, தோல்வி காணாதவராய் 1905இல் ஓய்வு பெற்றார். தோற்கடிக்க முடியாதவனைத் தோற்கடிப்பதற்கு எளிய வழி, அவனை மேடையில் ஏறவிடாமற் செய்வதே அன்றோ!

ஜோன்சன் அவ்வழியை அடைத்தார். அப்போது பட்டத்தை வைத்திருந்த கனடா நாட்டவராகிய ரொமி பேர்ன்சை அவர் இங்கிலாந்துக்கும், அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் பின்தொடர்ந்து சென்று போட்டிக்கு அழைத்தார். இறுதியில், பேர்ன்சுக்கு 30,000 டொலர் தருவதாக ஒப்பந்தமான பின்னரே போட்டி நிச்சயமாயிற்று. 1908ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி சிட்னி நகரிலே ஏறத்தாழ 20,000 மக்கள் முன்னிலையில் அது நடைபெற்றது. பதினான்காவது சுற்றிலே பேர்ன்ஸ் நிலைகுலைந்தபோது, பொலிசார் தலையிட்டுச் சண்டையை நிறுத்தினர். பட்டம் ஜோன்சனுக்கு உரியதாயிற்று.

அன்று தொடங்கியது அடுத்த போராட்டம். அப்போட்டியைக் கண்டு பத்திரிகைக்கு எழுதிய நாவலாசிரியர் ஜக் லண்டன், ஓய்வு பெற்றிருந்த ஜெவ்ரீஸ் மீண்டும் வந்து ஜோன்சனை வீழ்த்த வேண்டுமென்று வேண்டுகோள் விடுத்தார். வெள்ளையரின் மானத்தை மீட்கும் வீரரைத் தேடும் முயற்சி நாடெங்கும் எழுந்தது. பண்ணையிலே அமைதியாக வாழ்ந்து உடல் பருத்திருந்த ஜெவ்ரீஸ், பெருந்தொகைப் பணத்தாலும் பொதுமக்களின் வற்புறுத்தலாலும் மேடைக்கு இழுத்துவரப்பட்டார்.

1910ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, நெவாடா மாநிலத்து ரீனோ நகரிலே அப்பெரும் போட்டி நிகழ்ந்தது. கொளுத்தும் வெயிலிலே ஜோன்சன் அவசரப்படவில்லை. எதிரியின் அடிகளைத் தடுத்தும் விலகியும், புன்னகையோடு பேசிக்கொண்டும் அவர் சண்டை செய்தார். பதினைந்தாவது சுற்றிலே, தமது வாழ்நாளில் அதுவரை கீழே விழுந்தறியாத ஜெவ்ரீஸ் வீழ்ந்தார். தமது வலிமை உச்சத்திலிருந்த நாளிலும் ஜோன்சனைத் தம்மால் வென்றிருக்க முடியாது என்று ஜெவ்ரீசே பின்னர் ஒப்புக்கொண்டார். தோற்றவருக்கிருந்த பெருந்தன்மை, பார்த்திருந்தவர்க்கு இருக்கவில்லை. அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலவரம் மூண்டது. மகிழ்ச்சியைக் காட்டிய கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர். ஏறத்தாழ இருபது பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே. மேடையிலே நின்றவர் பெற்ற வெற்றிக்கு, மேடையைக் கண்ணாலும் காணாதவர்கள் விலை கொடுத்தார்கள்.

அப்போட்டியைக் காட்டும் திரைப்படம் பல நகரங்களிலே தடை செய்யப்பட்டது. 1912இல் அமெரிக்கக் காங்கிரஸ், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்வதையே சட்டத்தினால் தடுத்தது. 1940ஆம் ஆண்டு வரை அச்சட்டம் நிலைத்திருந்தது. கடலுக்கு அப்பாலும் அச்சம் இருந்தது. 1911இல் இலண்டனிலே ஜோன்சனுக்கும் ஆங்கில வீரர் பொம்பாடியர் வெல்சுக்கும் நடைபெறவிருந்த போட்டியை, அப்போது உள்நாட்டு மந்திரியாயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் தடுத்து நிறுத்தினார். பல இன மக்களை ஆண்ட பேரரசு, ஒரு கறுப்பினத்தவர் வெள்ளையரை வீழ்த்தும் காட்சியைத் தன் குடிகள் காண்பதை விரும்பவில்லை.

மேடையிலே வீழ்த்த முடியாதவரை வீழ்த்த மற்றொரு களம் தேடப்பட்டது, அதுவே நீதிமன்றம். ஜோன்சன் விலையுயர்ந்த மோட்டார் வண்டிகளை வேகமாக ஓட்டினார்; பகட்டாக உடுத்தார்; வெள்ளையினப் பெண்களோடு வெளிப்படையாகப் பழகி, அவர்களை மணமுஞ் செய்தார். பெண்களை விபசாரத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதைத் தடுக்கவென 1910இல் இயற்றப்பட்ட மான் சட்டம் அவர்மீது ஏவப்பட்டது. 1913இல், வெள்ளையரை மட்டுமே கொண்ட யூரிகள் சபை அவரைக் குற்றவாளியெனக் கண்டது. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிணையிலிருந்த ஜோன்சன் கனடா வழியாகப் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார்.

1915ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி கியூபாவின் ஹவானா நகரிலே, உருவிற் பெரியவரான ஜெஸ் வில்லார்ட், இருபத்தாறாவது சுற்றில் ஜோன்சனை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். தாம் வேண்டுமென்றே தோற்றதாக ஜோன்சன் பின்னாளிற் கூறினார். அப்படியாயின் அதனைச் சற்று முன்னதாகவே செய்திருக்கலாமே, அந்தக் கடும் வெயிலில் இத்தனை சுற்று நின்றிருக்க வேண்டியதில்லையே என்று வில்லார்ட் விடையிறுத்தார். 1920இல் ஜோன்சன் நாடு திரும்பிச் சரணடைந்து, லெவன்வேர்த் சிறையிலே தண்டனையை அனுபவித்து, 1921இல் விடுதலை பெற்றார்.

இனி, அவரைப் பற்றி அவருடைய மக்களே எவ்வாறு கருதினர் என்பதும் சிந்தித்தற்குரியது. கறுப்பின மக்களின் கல்விக்குப் பாடுபட்ட புக்கர் வாஷிங்டன், ஜோன்சனின் நடத்தை தம் இனத்துக்கு ஊறு செய்கின்றது எனக் கண்டித்தார். அறிஞர் டுபோய்ஸ் வேறு விதமாக நோக்கினார். பல வெள்ளை வீரர்களிடம் காணப்பட்ட குறைகள் ஜோன்சனிடத்தில் மட்டும் பொறுக்கலாகாக் குற்றமாகியது அவருடைய நிறத்தினாலேயே என்று 1914இல் அவர் எழுதினார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஜோன்சன் குற்றமற்ற வீரர் அல்லர். தம் மனைவியை அவர் அடித்துத் துன்புறுத்தியது மறைக்கத்தக்க செய்தியன்று. அம்மாது 1912இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மேலும், பட்டத்தை வைத்திருந்த காலத்திலே சாம் லாங்போர்ட் போன்ற சிறந்த கறுப்பின வீரர்களுக்கு ஜோன்சன் பட்டப் போட்டியில் வாய்ப்பளிக்கவில்லை. தமக்கு அடைக்கப்பட்டிருந்த கதவைத் திறந்து புகுந்தவர், பின்னால் வந்தோருக்கு அதனைத் திறந்து வைக்கவில்லை.

அவருக்குப் பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் அதிபாரப் பட்டத்துக்குப் போட்டியிட இடங் கிடைக்கவில்லை. 1937இல் ஜோ லூயிஸ் பட்டம் வென்றபோது, அவ்வெற்றிக்குப் பின்னால் ஜோன்சனின் நிழல் இருந்தது. வீழ்ந்த எதிரியைப் பார்த்து நகைத்தலாகாது, வெள்ளையினப் பெண்களுடன் படமெடுத்துக்கொள்ளலாகாது என்றெல்லாம் லூயிசின் முகாமையாளர்கள் அவருக்கு விதி வகுத்திருந்தார்கள். ஒவ்வொரு விதியும் ஜோன்சனின் வாழ்க்கையைத் தலைகீழாக எழுதியது போன்றது. ஜோன்சனும் லூயிசைப் போற்றவில்லை. 1936இல் ஜெர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங் லூயிசை வெல்வார் என அவர் முன்கூட்டியே சொன்னார், அவ்வாறே நடந்தது. அதனால் தம் இனத்தவரின் சினத்தையும் அவர் தேடிக்கொண்டார்.

1946ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி, வட கரோலினாவிலே மோட்டார் விபத்தொன்றில் ஜோன்சன் தமது 68ஆம் வயதில் இறந்தார். நிறத்தைக் காரணங் காட்டி உணவுச்சாலை ஒன்றிலே அவமதிக்கப்பட்டுச் சினத்தோடு வண்டியை ஓட்டினார் என்பர். அவர் உடல் சிக்காகோவிலே, 1912இல் இறந்த மனைவியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

காலஞ் சென்றபின் புகழ் திரும்பி வந்தது. குத்துச்சண்டை வரலாற்றாசிரியர் நாட் பிளைஷர், அதிபார வீரர் அனைவரிலும் ஜோன்சனையே முதல்வராக வைத்தார். அவர் வாழ்க்கையைத் தழுவி ஹவாட் சாக்லர் இயற்றிய நாடகம் 1968இல் நியூயோர்க்கில் மேடையேறி, 1969இல் புலிட்சர் பரிசு பெற்றது. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து, 1967இற் பட்டம் பறிக்கப்பட்டிருந்த முகம்மது அலி அந்நாடகத்தைக் கண்டு, அது தமது கதையே என்றார். ஒருவர் இன்பத்துக்காகச் சட்டத்தோடு மோதினார். மற்றவர் கொள்கைக்காக மோதினார். ஆயினும், பணிய மறுத்த கறுப்பினத்தவர் என்ற வகையில் இருவரையும் அவர்தம் காலம் ஒரே விதமாக நடத்தியது.

ஈற்றில், 2018ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, அமெரிக்க சனாதிபதி டொனால்ட் டிரம்ப் ஜோன்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். தண்டனை விதிக்கப்பட்டு 105 ஆண்டுகளும், அவர் இறந்து 72 ஆண்டுகளும் சென்றிருந்தன. இறந்தவருக்கு மன்னிப்பினால் யாது பயன் என்று வினவலாம். அதன் பயன் இருப்போர்க்கே உரியது. ஒரு நாடு தான் முன்பு எழுதிய தீர்ப்பை மீண்டும் படித்துப் பார்த்தமைக்கு அது அடையாளம்.

ஜோன்சன் தம் இனத்தின் தலைவராகத் தம்மை ஒருபோதும் எண்ணியதில்லை. தாம் விரும்பியவாறு வாழும் ஒரு மனிதராக இருக்கவே விரும்பினார். அந்த எளிய விருப்பத்துக்குக் கலவரமும் சட்டமும் சிறையும் விடையாக வந்தன. அவரைக் குறையற்றவராக்கிப் போற்றுவதும், குறையைக் காட்டி அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறைப்பதும் ஒருங்கே தவறாகும். நல்லவர்க்கு மட்டுமே நீதி உரியது எனின், அது நீதியன்று, வெறும் பரிசு. குறையுள்ள மனிதருக்கும் நீதி வழங்கப்பட வேண்டும் என்பதே ஜக் ஜோன்சனின் வாழ்வு பின்வந்தோருக்கு விட்டுச் சென்ற பாடமாகும்.