மாராவும் மாயாறும்

போன ஞாயிறு ராத்திரி டிவியில மறுபடியும் அதே காட்சி. ஆப்பிரிக்கா, மாரா ஆறு, கரை முழுக்க வைல்டபீஸ்ட் கூட்டம். மாட்டுத் தலையையும் குதிரை வாலையும் ஒட்டின மாதிரி ஒரு மிருகம், பார்த்திருப்பீங்க. ஒண்ணு தயங்கித் தயங்கி தண்ணியில கால் வைக்கும், பின்வாங்கும். இன்னொண்ணு வைக்கும். திடீர்னு எது முதல்ல குதிச்சதுன்னே தெரியாது, மொத்தக் கூட்டமும் புழுதியோட ஆத்துல விழும். முதலை காத்துக்கிட்டு இருக்கும். பின்னணியில ட்ரம்ஸ் அதிரும்.

பையன் கேட்டான்: "அப்பா, நம்ம ஊர்ல இப்படி எதுவும் ஆத்தைத் தாண்டாதா?"

"தாண்டுமே"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் தூக்கம் வரல. கொஞ்சம் நீளமான கதை மக்களே, டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க (நீலகிரி டீயா இருந்தா ரொம்ப சந்தோஷம் :-)).

முதல்ல மாராவை முடிச்சுக்கறேன். பதிமூணு லட்சம் வைல்டபீஸ்ட் வருஷா வருஷம் புல்லையும் மழையையும் தேடி செரங்கெட்டியைச் சுத்தி வருது. ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் மாரா ஆத்தை இப்படியும் அப்படியுமா பல தடவை கடக்குது. வருஷத்துக்குச் சராசரியா 6,250 வரைக்கும் ஆத்துலயே மூழ்கிச் சாகுதுன்னு 2017ல ஒரு ஆய்வு வந்தது. முதலை பிடிக்கறது இதுல சேர்த்தி இல்லை, தள்ளுமுள்ளுல மூழ்கறது மட்டும். டிவிக்காரங்க இதை "ஆதிகாலம் தொட்டு"ன்னு சொல்லுவாங்க. அங்கதான் எனக்கு இடிக்குது. 1890கள்ல வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள்ள போயி மாட்டையும் வைல்டபீஸ்டையும் வாரிக்கிட்டுப் போச்சு. நம்ம தாத்தா காலத்து விவசாயிங்க பேரைக் கேட்டாலே நடுங்கின அதே வெக்கைதான். 1960கள்ல ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை விரட்டினதுக்கு அப்புறம்தான் ரெண்டரை லட்சமா இருந்தது 1970களோட கடைசியில பதிமூணு லட்சம் ஆச்சு. அத்தனை பெருங்கூட்டம் மாரா பக்கம் வர ஆரம்பிச்சதும் ஏறக்குறைய அப்போதான். அதாவது ட்ரம்ஸ் போட்டுக் காட்டற அந்தக் காட்சிக்கு வயசு அறுபதுக்குள்ள. பாதி மழை பண்ணின வேலை, பாதி ஊசி பண்ணின வேலை.

இப்போ நம்ம ஊருக்கு வர்றேன்.

கேத்தியில ஆனை கிடையாது. கேரட் தோட்டத்துல காட்டெருமை வந்து நிக்கும், ராத்திரி கரடி நடமாடும், அவ்வளவுதான். ஆனைங்க எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், வடக்கே, கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினா வர்ற சீகூர்க் காட்டுல. முக்குர்த்தி சிகரத்துல பைக்காராவா பிறக்கற ஆறு, கீழே இறங்கினதும் மாயாறுன்னு பேர் மாறுது (மோயாறுன்னும் எழுதுவாங்க). முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவுல ஓடி, பெரிய பள்ளத்தாக்குல விழுந்து, சத்தியமங்கலம் பக்கம் போயி பவானிசாகர் அணையில கலக்குது. எங்க கேத்திப் பள்ளத்தாக்குத் தண்ணியும் காட்டேரி, குன்னூர்னு சுத்தி பவானி வழியா அதே அணைக்குத்தான் போகுது. ரெண்டு பேரும் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோங்களேன்.

இந்த மாயாத்தை ஆனைங்க வருஷம் பூரா கடக்குது. ராமன் சுகுமார் 1980கள்ல சாம்ராஜ்நகர், சத்தியமங்கலம் காட்டுல ஆனைங்க பின்னாடியே அலைஞ்சு எழுதினது இதுதான்: கோடையில ஆத்தோரம் ஒதுங்கும். முதல் மழை பெய்ஞ்சதும் உயரமான புல் முளைக்கற ஈரக்காட்டுக்குப் போகும். அந்தப் புல் முத்திப் போனதும், வருஷக் கடைசியில குட்டைப் புல் இருக்கற வறண்ட காட்டுக்கு வரும். கழுத்துல ரேடியோ பட்டை மாட்டிப் பார்த்தப்போ, ஒரு கூட்டம் நடமாடற பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல. அதுக்கு மாநில எல்லையும் தெரியாது, மாவட்ட எல்லையும் தெரியாது.

வைல்டபீஸ்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அங்க தலைவன்னு யாரும் கிடையாது, எது குதிக்குதோ அது பின்னாடி எல்லாம் குதிக்கும். இங்க கூட்டத்துக்கு ஒரு பாட்டி உண்டு. எந்தத் துறையில இறங்கணும், எந்தக் கரையில ஏறணும்னு அவளுக்குத்தான் தெரியும். தன் பாட்டி பின்னாடி நடந்து கத்துக்கிட்டது. குட்டிங்களை நடுவுல விட்டு, தும்பிக்கையைத் தண்ணிக்கு மேல தூக்கிக்கிட்டு, சத்தமே இல்லாம கடந்துடும். மாயாத்துலயும் முதலை இருக்கு. ஆனா ஆனைக்கூட்டம் இறங்கினா அது ஒதுங்கிப் படுத்துக்கும். டிவிக்கு லாயக்கே இல்லாத காட்சி :-)

ஆனைக்கு ஆறு ஒரு தடையே இல்லை. ஆத்தை ஒட்டி நாம என்னென்ன வச்சோம்ங்கறதுதான் இதுல சரித்திரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஆனையைச் சுட்டா சர்க்கார் வெகுமானம் கொடுத்தது. அப்புறம் காட்டுல மரம் இழுக்கவும் மூட்டை சுமக்கவும் ஆனை வேணும்னு புரிஞ்சதும், 1873ல சென்னை மாகாணத்துல ஆனைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாசத்தால வந்த சட்டம்னு நான் நினைக்கல. ஏறக்குறைய அதே சமயம், 1874ல, மைசூர் சமஸ்தானத்துல சாண்டர்சன்ங்கற வெள்ளைக்காரர் சாம்ராஜ்நகர் பக்கத்துல கெட்டா போட்டுக் கூட்டமா ஆனை பிடிச்சுக் காட்டினார். கெட்டான்னா, கூட்டத்தையே சுத்தி வளைச்சு மரவேலிக்குள்ள தள்ளறது.

இது பின்னாடி கபினி ஆத்தங்கரையில காக்கனகோட்டையில பெரிய திருவிழாவாவே ஆயிடுச்சு. தப்பட்டை அடிச்சு, பந்தம் காட்டி, ஆனைக்கூட்டத்தை ஆத்துக்குள்ள இறக்கி, நீந்த வச்சு, எதிர்க்கரையில தயாரா இருக்கற வேலிக்குள்ள ஏத்துவாங்க. வைஸ்ராய், இளவரசர்னு விருந்தாளிங்க மேடை போட்டு உட்கார்ந்து பார்ப்பாங்க. இன்னிக்கு மாராக் கரையில ஜீப்பு நிக்குதே, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஒரே வித்தியாசம், இங்க ஆத்தைக் கடந்த ஆனை திரும்பப் போகாது. பாட்டிக்குத் தெரிஞ்ச துறையையே பொறியாக்கிட்டாங்க பாருங்க, அதை நினைச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி இருக்கும். கடைசி கெட்டா 1971ல நடந்தது. 1974ல கபினி அணை முடிஞ்சு அந்தக் கரையும் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

நம்ம பக்கம் கெட்டாவை விடப் பெரிய சமாச்சாரம் கரண்டு. 1932ல பைக்காரா மின் திட்டம் ஓட ஆரம்பிச்சது. கிளன்மார்கன்ல இருந்து சிங்காராவுக்கு மலைச்சரிவுல ராட்சதக் குழாய் இறங்கும், பக்கத்துல ஊழியருங்க ஏறி இறங்க விஞ்ச் ஓடும். கோயமுத்தூர் மில்லுங்க பெருகினதே இந்தக் கரண்டாலதான். அந்தத் தண்ணி சும்மா போகுதேன்னு, மரவகண்டியில தேக்கி, சிமெண்டு வாய்க்கால் வெட்டி, 1952ல மாயாறு பவர் ஹவுஸும் வந்தது. குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்க வீட்டுப் பல்பும் எரிஞ்சது, நானும் அந்த வெளிச்சத்துலதான் படிச்சேன்.

எங்க பெரியப்பாவுக்கு அந்த வாய்க்கால் பக்கம்தான் வேலை. 1986 கோடை லீவுல என்னைக் கூட்டிட்டுப் போனார், எனக்குப் பத்து வயசு. காலையில ரவுண்டு போறப்போ நானும் பின்னாடியே போனேன். வாய்க்கால் ஓரமா ஈர மண்ணுல ஆனைத் தடம். எனக்கு ஒரே குஷி. பெரியப்பா மட்டும் குனிஞ்சு பார்த்துக்கிட்டே வந்தார்.

"ஏன் பெரியப்பா, இது ஏன் இப்படி ஓரமாவே நடந்திருக்கு?"

"இறங்க முடியாது கண்ணு. சைடு செங்குத்து பாரு. குட்டி உள்ள விழுந்தா ஏறாது. அதான் பாலம் வர்ற வரைக்கும் நடக்குது."

"அப்ப முன்னாடி?"

"முன்னாடி ஏது வாய்க்கால்? நேரா நடந்து ஆத்துக்குப் போயிருக்கும்."

பாலம் வந்தது. நாலு பேர் சேர்ந்து நடக்கற அகலம்கூட இல்லை. அங்க மண் முழுக்கத் தடமா மிதிபட்டுக் கிடந்தது. கொஞ்ச தூரத்துல இருக்கற ஆத்தைச் சர்வ சாதாரணமாக் கடக்கற மிருகம், இந்தச் சிமெண்டு வாய்க்கால்கிட்ட வந்து திணறி நின்னிருக்கு.

பெரிசானப்புறம்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆனைக்கு ஆயுசு அறுபது, மிஞ்சினா எழுபது. 1986ல அந்தக் கூட்டத்துல அறுபது வயசுப் பாட்டி ஒருத்தி இருந்திருந்தா, அவ பிறந்தது 1926. பைக்காராவுக்கும் முன்னாடி. குழாயும் வாய்க்காலும் இல்லாத காட்டுல நடந்தவ. இன்னிக்கு இருக்கற கிழட்டு ஆனைகூட வாய்க்கால் வந்ததுக்கப்புறம் பிறந்ததாத்தான் இருக்கும். பழைய வழியைக் கண்ணால பார்த்த ஆனை ஒண்ணுகூட இப்போ உயிரோட இருக்க வாய்ப்பு கம்மி. அப்படியும் அதே பக்கம் வருது.

குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதாரைப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. கோர்ட்டு நேரம் போக மிச்ச நேரமெல்லாம் காடு. சீகூர்ல "சீத்தல் வாக்"னு வீடு கட்டிக்கிட்டு, ஆனைப் பாதைங்களைப் பின்தொடர்ந்து போயி, எந்தெந்த இடத்துல வழி குறுகிடுச்சுன்னு 1970கள்லயே எழுதினவர். 'ஆனை வழித்தடம்'ங்கற வார்த்தை பேப்பர்ல வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. ஒரு பக்கம் நீலகிரியோட செங்குத்துச் சுவர், இன்னொரு பக்கம் மாயாத்துப் பள்ளம், நடுவுல சீகூர் மேட்டுநிலம். மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு ஆனை போறதுக்கு இதுதான் வாசல். அந்த வாசல்லயே குழாய், வாய்க்கால், ரோடு, ஊர். கல்மலை - சிங்காரா, மாயாறு - ஆவரஹல்லான்னு இன்னிக்குப் பேர் வச்சிருக்கற வழித்தடம் எல்லாம் இந்த மிச்சம் மீதிதான்.

அப்புறம் வந்தது ரிசார்ட். மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம்னு வேலி போட்டு, லைட்டு போட்டு, "காட்டுக்குள் ஒரு இரவு". 2009ல சிங்காராவுல நியூட்ரினோ ஆய்வகம் கட்டற திட்டத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது, ஆனைப் பாதையும் ஒரு காரணம். 2010 ஆகஸ்டுல தமிழக அரசு சீகூர் வழித்தடத்தை அறிவிச்சது. 'யானை' ராஜேந்திரன் போட்ட பொதுநல வழக்குல 2011 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும்னு சொன்னது. 2018 ஆகஸ்டுல உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பல விடுதிங்களுக்கு சீல் வச்சாங்க. 2020 அக்டோபர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அறிவிப்பு சரின்னு தீர்ப்பு சொல்லி, ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில குழு போட்டது. (செரங்கெட்டிக்குக் குறுக்கே தார் ரோடு போடற திட்டத்தையும் 2014ல கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம்தான் நிறுத்தினது. ரெண்டு கண்டத்துலயும் மிருகம் நடக்கற வழிக்கு வக்கீல் தேவைப்படுது.)

மசினகுடிக்காரங்க போராடினதையும் சொல்லணும். ரெண்டு தலைமுறையா ஆடு மாடு மேய்ச்சு, ரெண்டு ஏக்கர் பட்டா வச்சிருக்கறவரும், வெளியூர்ல இருந்து வந்து வேலி போட்டவரும் ஒரே வரைபடத்துக்குள்ள வந்துட்டாங்க. பட்டாக்காரரோட பயத்தை நான் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா 2021 ஜனவரியில மசினகுடியில விடுதிப் பக்கம் வந்த ஆனை மேல தீ வச்சு எறிஞ்சாங்களே, அந்த வீடியோவை நான் முழுசாப் பார்க்கல. காது, தலை எல்லாம் வெந்துபோயி ஜனவரி 19ஆம் தேதி செத்துப்போச்சு.

அடுத்த வருஷம் எங்க ரயிலும் செய்தியில வந்தது. 1908ல கேத்தி வழியா ஊட்டிக்கு வந்து சேர்ந்த அதே மலை ரயில் பாதைதான். கீழே ஹில்குரோவ் பக்கம் தண்டவாளத்து ஓரமா சுவர் எழுப்பினாங்க. 2022 ஜூலையில ஒரு கூட்டம் குட்டியோட அந்தச் சுவர்கிட்ட சிக்கித் தவிச்ச படம் ஊரெல்லாம் சுத்தினது. அப்புறம் சுவரை இடிச்சாங்க. நல்ல விஷயம், விரைவா நடந்தது. கேமரா இல்லாத எழுபது வருஷமா வாய்க்கால்கிட்ட நின்ன கூட்டத்தை யார் படம் எடுத்தாங்க?

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் காட்டறதுக்குப் போன வருஷமே ஒரு சந்தர்ப்பம் கிடைச்சது, அவனுக்குத்தான் மறந்துபோச்சு. தெங்குமரஹாடா போயிருந்தோம். பஸ் மாயாத்துக் கரையோட நின்னுடும், அப்புறம் பரிசல்தான். சாயங்காலம். நாங்க ஏறப்போற நேரம், பரிசல்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வளைவுக்கு அந்தாண்ட ஏழெட்டு ஆனை, ரெண்டு குட்டி. பெரிசு ஒண்ணு தண்ணியில கால் வச்சு அப்படியே நின்னது. தும்பிக்கையைத் தூக்கி எங்க பக்கம் மோந்து பார்த்தது.

"போலாங்களா?"ன்னு பின்னாடி ஒருத்தர் அவசரப்பட்டார்.

"அதுங்க போயிரட்டுங்க. நாம அப்புறம் போலாம்."

ஒரு பாட்டியம்மா கூடையை இறக்கி வச்சு மணல்ல உட்கார்ந்துட்டாங்க. பையன் என் மடியில தலை வச்சுத் தூங்கிட்டான். நாப்பது நிமிஷம் ஆச்சு, கடைசிக் குட்டி கரையேற.