மின்னொளி ஆட்டம்: சேப்பாக்கம் முதல் எங்கள் ஊர்த் திடல் வரை

போன வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் தெருப் பையன்கள் ஐந்தாறு பேர் நன்கொடை நோட்டுடன் வந்தார்கள். "தாத்தா, திடலுக்கு லைட் போடப் போறோம். நாலு போஸ்ட், எல்லாம் எல்இடி. ராத்திரி கிரிக்கெட் டோர்னமென்ட் வைக்கணும்" என்றார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காதில் இது விழுந்ததும், "பகல்ல ஆடுற ஆட்டமே போதாதோ? படிக்கிற பிள்ளைகளும் கெட்டுப் போகும், நமக்கும் தூக்கம் போகும்" என்று சத்தம் போட்டார். நான் "யோசிச்சுச் சொல்றேன், தம்பி" என்று அனுப்பிவிட்டேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விண்ணப்பம் வந்தாலும் முதலில் முன்வரலாறு எழுதி, அதன் பிறகே பரிந்துரை எழுதுவோம். இது அந்த முன்வரலாறு.

கிரிக்கெட்டுக்கும் எனக்கும் பிறவிச் சம்பந்தம் கிடையாது. நான் பிறந்தது காரைக்கால், படித்தது பிரெஞ்சு வழி. பாண்டிச்சேரி, காரைக்கால் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தியாவிடம் வந்துவிட்டாலும், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அந்த இடைக்காலத்தில் என் பள்ளிப் படிப்பு. எங்களுக்குக் கால்பந்து தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கி வந்த சொல்தாக்கள் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் பெத்தாங்க் தெரியும். அவர்கள் பொழுது சாய்ந்த பிறகும் தெருவிளக்கின் கீழே குனிந்து, எந்தக் குண்டு கிட்டே, எந்தக் குண்டு எட்டே என்று அளந்து சண்டை போடுவார்கள். மின்னொளி ஆட்டம் என்று நான் முதலில் பார்த்தது அதைத்தான். கிரிக்கெட் மட்டையை எங்கள் பள்ளியில் நான் பார்த்ததே இல்லை.

ஆனால் பிரான்சும் கிரிக்கெட் ஆடியிருக்கிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் 19, 20 தேதிகளில் வான்சேன் சைக்கிள் பந்தய மைதானத்தில் பிரான்சும் பிரிட்டனும் மோதின. பிரான்ஸ் அணியில் பெரும்பாலோர் பாரிசில் குடியிருந்த ஆங்கிலேயர்கள்தான். பிரான்ஸ் இரண்டாவது இன்னிங்சில் 26 ரன்னில் சுருண்டது. ஆட்ட நேரம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. இன்னும் சற்று தாக்குப்பிடித்திருந்தால் டிரா! அந்தக் காலக் கிரிக்கெட்டுக்குச் சூரியன்தான் மூன்றாவது நடுவர்.

நம் பக்கத்திலும் ஆட்டத்தின் காலத்தைச் சூரியன்தான் தீர்மானித்தது. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் ஆண்டுதோறும் மோதிய ஆட்டம் பொங்கலை ஒட்டி நடந்தது, தை மாத வெயிலைத்தான் உடம்பு தாங்கும் என்பதால். பிறகு பொங்கல் டெஸ்ட் என்பது மெட்ராசின் வழக்கமே ஆயிற்று. 1975 பொங்கல் டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார், இந்தியாவின் மொத்தமே 190. என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் புதிதாக வேலையில் சேர்ந்திருந்த குமாஸ்தா. மேசை இழுப்பறைக்குள் டிரான்சிஸ்டரை வைத்து, இழுப்பறையை ஒரு விரல் திறந்து கேட்டோம். சூப்பிரண்டு வரும் சத்தம் கேட்டால் இழுப்பறை மூடும், விஸ்வநாத் வாயடைப்பார். சூப்பிரண்டு மேசையிலும் ஓர் இழுப்பறை ஒரு விரல் திறந்தே இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பகல் கிரிக்கெட் என்பது பகலில் ஓய்வு உள்ளவனின் ஆட்டம். ராஜா ஆடலாம், கிளப்புக்காரர் ஆடலாம், கல்லூரி மாணவன் பார்க்கலாம். உழைக்கிறவன் ஒன்று லீவு போட வேண்டும், இல்லையென்றால் திருட்டுத்தனமாகக் கேட்க வேண்டும்.

இந்த உண்மையைப் பிடித்துப் பணமாக்கியவர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர். விளக்கில் கிரிக்கெட் அவருக்கு முன்பே வேடிக்கையாக நடந்திருக்கிறது. 1952 ஆகஸ்டில் லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் கால்பந்து அணியும் மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணியும், ஜாக் யங் என்ற பந்துவீச்சாளரின் உதவி நிதிக்காக விளக்கொளியில் ஆடின. அதைப் பெரிய மனிதர்கள் யாரும் கிரிக்கெட்டாக மதிக்கவில்லை. பேக்கருக்கோ வேறு வழியில்லை. ஒளிபரப்பு உரிமை கிடைக்காத கோபத்தில் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டார், பெரிய கிரிக்கெட் மைதானங்கள் அவருக்குக் கதவைச் சாத்தின. 1977 டிசம்பரில் மெல்போர்ன் புறநகரில் இருந்த ஒரு கால்பந்து மைதானத்தில் விளக்குப் போட்டு ஆடவைத்தார். இருட்டில் சிவப்புப் பந்து தெரியாது என்று வெள்ளைப் பந்து வந்தது. அடுத்த வருஷம், 1978 நவம்பர் 28-ஆம் தேதி, சிட்னி மைதானமே அவருக்குத் திறந்தது. அன்றிரவு கூட்டம் தாங்காமல் கதவுகளைத் திறந்துவிட வேண்டி வந்தது. வேலை முடித்த தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளுமாக நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1979 நவம்பர் 27-ல், அதே சிட்னியில் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் ஆடியது முதல் அதிகாரபூர்வ பகலிரவு ஒருநாள் போட்டி. திட்டியவர்களே அவர் சரக்கை வாங்கிக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கு அது வந்தது 1984 செப்டம்பர் 28-ல், டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில். விளக்கு அங்கே கிரிக்கெட்டுக்காகப் போட்டதல்ல. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ஸ்டேடியம் அது. வெஸல்ஸ் சதம் அடித்தார், நாம் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். நம் ஜனங்களுக்கு ராத்திரி கிரிக்கெட்டின் ருசி பிடித்தது அடுத்த மார்ச்சில்தான், மெல்போர்னில் பாகிஸ்தானை வென்று ரவி சாஸ்திரி ஆடி கார் வாங்கினாரே, அப்போது. அதில் ஒரு வேடிக்கை. அங்கே விளக்கு எரிந்துகொண்டிருக்கும், நம் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். "ஏன் சார் இந்த நேரத்துல லைட் போட்டிருக்கான், கரண்டுக்குக் காசு இல்லையா?" என்று கேட்டாள் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி. என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. கேள்வி மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

சேப்பாக்கத்துக்கு விளக்கு 1996 உலகக் கோப்பைக்காக வந்தது. மார்ச் 11-ஆம் தேதி ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து காலிறுதி. கிறிஸ் ஹாரிஸ் 130 அடித்தும் மார்க் வாவின் சதம் ஜெயித்தது. அந்த மைதானத்துக்கு விளக்கு வேண்டுமா என்று கேட்பவர்கள் 1986 செப்டம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும். சமனில் முடிந்த அந்த டெஸ்டில் டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்தார், பிறகு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெட்ராஸ் வெயிலில் சாயங்காலம் ஆடுவது என்பது சொகுசு அல்ல, புத்திசாலித்தனம். அதற்குப் பனி என்று ஒரு விலை உண்டு. இருட்டிய பிறகு புல்லில் ஈரம் இறங்கினால் சுழற்பந்துக்காரருக்குப் பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். டாஸ் ஜெயித்தவன் பாதி ஆட்டத்தை ஜெயித்தது போல ஆகிவிடும். 1997-ல் குவாலியரில் மும்பை, டெல்லி ரஞ்சி இறுதி ஆட்டத்தையே விளக்கொளியில் ஐந்து நாள் நடத்திப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. டெஸ்ட் ஆட்டம் விளக்குக்கு வர இளஞ்சிவப்புப் பந்து தேவைப்பட்டது. அடிலெய்டில் 2015-ல், கல்கத்தாவில் 2019-ல்.

தலைமையாசிரியர் சொன்ன தூக்கத்துக்கும் முன்வரலாறு இருக்கிறது. கிரிக்கெட்டின் கோயில் என்று சொல்லப்படும் லண்டன் லார்ட்ஸ் மைதானம், சிட்னிக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் விளக்குக்கு வந்தது. காரணம் பாரம்பரியம் மட்டுமல்ல, சுற்றிலும் குடியிருப்பவர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை 2007-ல் தற்காலிகமாக அனுமதித்தது. 2009-ல் வந்த கம்பங்கள் ஆட்டம் முடிந்ததும் தாழ்த்தி இறக்கக்கூடியவை. வருஷத்தில் இத்தனை இரவுதான், இத்தனை மணிக்கு அணைத்துவிட வேண்டும் என்று நிபந்தனை. சிகாகோவில் ரிக்லி ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானம் இன்னும் பிடிவாதம். 1941-ல் விளக்குச் சாமான் வாங்கி வைத்தார்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு 1988 ஆகஸ்ட் வரை அங்கே பகல் ஆட்டம்தான். விளக்கு போட்ட முதல் ராத்திரி மழை வந்து ஆட்டமே நின்றது. எதிர்த்தவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

எனக்கு உறுத்துவது தூக்கம் அல்ல, கரண்ட்.

2012-ஐ நம் பக்கத்து வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நான் ரிட்டயராகி மனைவியின் ஊரான இந்தக் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பால்வண்ணநாதர் கோயில் பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம், ஆனால் ஊரில் விளக்கெரியக் கரண்ட் இல்லை. தென்மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பாதி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. சங்கரன்கோவில் விசைத்தறிகள் தூங்கின. தறி ஓடினால்தான் கூலி. சென்னைக்கு மட்டும் வெட்டு குறைவு. அந்த வருஷம் மே 27-ஆம் தேதி ஐபிஎல் இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் கல்கத்தாவுக்கும். இங்கே கரண்ட் போய்விட்டது. பையன்கள் செல்போனில் ஸ்கோர் கேட்டார்கள். சென்னை தோற்றது தெரிந்ததும் இருட்டில் யாரோ கைதட்டினார்கள். சென்னை அணி மேல் உயிரையே வைத்திருந்த பையன்கள் இருந்த தெரு அது. அந்தக் கைதட்டல் தோனிக்கு எதிரானது அல்ல என்பது எனக்குப் புரிந்தது. மைதான விளக்கு ஜெனரேட்டரில் எரிகிறது, ஊர் கரண்டில் இல்லை என்று சமாதானம் சொல்வார்கள். புழுக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கணக்கு ஏறாது.

ஜெனரேட்டர் வைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. மைதானங்களில் முன்பு போட்ட மெட்டல் ஹாலைடு விளக்கு ஒருமுறை அணைந்தால் சூடு ஆறிய பிறகுதான் திரும்பப் பற்றும், பல நிமிடம் ஆகும். ஐபிஎல் பிறந்த 2008-ல், முதல் வாரத்திலேயே ஈடன் கார்டன்ஸில் விளக்கு போய் ஆட்டம் நின்றது. 2022-ல் வான்கடேயில் இன்னும் வினோதம். கரண்ட் கோளாறால் மூன்றாம் நடுவரிடம் முறையிடும் கருவி வேலை செய்யவில்லை, கான்வே எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டு முறையிட முடியாமல் நடந்தார். சென்னை 97-ல் சுருண்டது. 

நம் ஜில்லாவுக்குள் பெரிய விளக்கு வந்தது 2016-ல், தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது. சென்னை, திண்டுக்கல் பக்கத்து நத்தம், அடுத்து நம் தாழையூத்துச் சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். ஒரு நாள் பேரனைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். ஆட்டம் யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துவிட்டது. மறக்காதது கூட்டம். சிமெண்டுத் தூசி படிந்த சட்டையோடு சிலர், குழந்தையைத் தோளில் தூக்கிய பெண்கள், டிபன் வாளியோடு முழுக் குடும்பங்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் எனக்குப் பக்கத்தில், "வாழ்க்கையில இப்பத்தான் சார் நேர்ல பாக்கேன்" என்றார். பகலில் நடந்திருந்தால் அவர் வந்திருக்க முடியாது.

ஆகவே நோட்டுக்கு என் பரிந்துரை: விளக்கு போடலாம். இந்தப் பையன்களில் நாலு பேர் தறிக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்குச் சாயங்காலம் மட்டும்தான் சொந்தம். கபடிக்கு "மாபெரும் மின்னொளிப் போட்டி" என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற நாம், கிரிக்கெட்டுக்கு மட்டும் மூக்கைச் சுளிப்பது நியாயமல்ல. ஆனால் மூன்று நிபந்தனை எழுதியிருக்கிறேன். முறைப்படி விண்ணப்பித்து மீட்டர் வைத்த இணைப்பு, கம்பியில் கொக்கி போடும் பேச்சே கூடாது. வேறோர் ஊரில் திருவிழா இரவில் கொக்கி போட ஏறிய பையன் கை கருகிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். இரண்டாவது, விளக்கு திடலைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும், வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. மூன்றாவது, ஒன்பதரைக்கு அணைக்க வேண்டும், பரீட்சை மாதத்தில் ஏற்றவே கூடாது.

நேற்று வந்தார்கள். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். "ஒன்பதரை பத்தாது தாத்தா, பத்து மணி" என்று பேரம் பேசினார்கள். தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வந்தால் பத்து என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்று காலையிலிருந்து இரண்டு பேர் அவர் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.