விடுதலைக்குப் பின் ஒரு வழக்கு

நெய்யாற்று அணைக்கட்டை அடுத்த கள்ளிக்காடும், நெய்யாற்றின்கரையும், பாறசாலையும், அவற்றுக்குத் தெற்கே நாகர்கோவிலும் முற்காலத்தில் ஒரே திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தவை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி மக்களின் போக்குவரவைத் தடுக்கவில்லை. தெற்கேயிருந்து தொழில் நிமித்தம் திருவனந்தபுரம் சென்று வாழ்ந்த தமிழர் பலர். அவர்களுள் ஒருவர் நடத்திய வழக்கின் வரலாற்றை, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

நாகர்கோவிலில் பிறந்து, மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் பயின்ற நம்பி நாராயணன், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் திரவ எரிபொருள் எஞ்சின் துறையை வளர்த்தவர். ராக்கெட் ரகசியங்களை அயல்நாட்டாருக்கு விற்றார் என்று குற்றஞ்சாட்டி, 1994-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் கேரளப் போலீஸார் அவரைக் கைது செய்தனர். ஐம்பது நாட்கள் அவர் காவலில் இருந்தார். அவரோடு குற்றஞ்சாட்டப்பட்ட மாலத்தீவுப் பெண்கள் இருவரின் சிறைவாசமோ ஆண்டுக் கணக்கில் நீண்டது. பின்னர் விசாரணையை ஏற்ற மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று 1996-இல் அறிக்கை அளித்தது. நீதிமன்றமும் அதனை ஏற்றது. மீண்டும் விசாரிக்க மாநில சர்க்கார் செய்த முயற்சியை 1998-இல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது.

வழக்கு முடிந்தது, ஆனால் இழந்த பெயரும், குடும்பம் பட்ட அவமானமும், குலைந்த தொழில் வாழ்வும் எவ்வாறு மீளும்? விடுதலை என்பது தண்டனையைத் தவிர்ப்பதுதான். பட்ட துன்பத்திற்கு அது ஈடாகாது. அந்த ஈட்டைக் கேட்பதற்கே சிவில் வழக்கு என்னும் வழி உண்டு.

இவ்வழி இன்று நேற்று தோன்றியதன்று. 1763-ஆம் ஆண்டில் லண்டனில், பெயர் குறிக்காத ஒரு பொது வாரண்டைக் கொண்டு அச்சுத் தொழிலாளி ஒருவரை அரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். காவலில் வைத்தது சுமார் ஆறு மணி நேரந்தான். உண்ண நல்ல உணவும் கொடுத்தனர். எனினும் ஜூரிகள் அவருக்கு 300 பவுன் நஷ்ட ஈடு விதித்தனர். கூலி சிறிதாயினும் மனிதனின் சுதந்திரம் சிறிதன்று என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

நம் நாட்டில் இப்பாதை நெடுங்காலம் குறுகலாகவே இருந்தது. 1947-இல், பொன் விற்பதற்காக அமிர்தசரஸிலிருந்து மீரட்டுக்கு வந்த வணிகர் ஒருவரைப் போலீஸார் பிடித்து, அவரிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் கைப்பற்றினர். மறுநாள் அவர் விடுவிக்கப்பட்டார், வெள்ளி பின்னர் திரும்பக் கிடைத்தது, பொன் கிடைக்கவில்லை. பொறுப்பிலிருந்த தலைமைக் காவலரே அதனை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். ஆயினும் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசின் இறைமை அதிகாரத்தைச் சார்ந்தவை என்று கூறி, சர்க்கார் ஈடுதர வேண்டியதில்லை என 1964-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அயலூருக்கு வணிகம் நாடிச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பினார்.

நிலைமை 1983-இல் மாறத் தொடங்கியது. 1968-இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பின்னும் பதினான்கு ஆண்டுகள் பீகார்ச் சிறையில் அடைபட்டிருந்த ருதுல் ஷாவுக்கு, சர்க்கார் முன்பே கொடுத்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் தருமாறு சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. முழு நஷ்ட ஈட்டிற்குத் தனியே சிவில் வழக்குத் தொடுக்கும் உரிமையையும் அவருக்கு விட்டு வைத்தது. 1993-இல் நீலாவதி பெஹரா வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் இறைமை என்னும் கேடயம் அரசைக் காக்காது என்பது உறுதியாயிற்று.

நம்பி நாராயணன் இவ்விரு வழிகளிலும் சென்றார். தேசிய மனித உரிமை ஆணையம் 2001-இல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இடைக்கால ஈடு வழங்கப் பணித்தது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், அக்கைது தேவையற்றது என்று கூறிய சுப்ரீம் கோர்ட்டு, 50 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. திருவனந்தபுரம் சப்கோர்ட்டில் அவர் தொடுத்திருந்த சிவில் வழக்கில் சமரசம் ஏற்பட்டு, 2020-இல் கேரள சர்க்கார் மேலும் 1 கோடியே 30 லட்சம் ரூபாய் அளித்தது. கைதான நாளிலிருந்து எண்ணினால் அது இருபத்தாறாம் ஆண்டு. ஐம்பத்திரண்டு வயதில் கைதானவர், எழுபத்தெட்டாம் வயதிலேயே அந்த ஈட்டைப் பெற்றார்.

இத்தகைய வழக்கை நாடுவோர் சில நெறிகளை அறிதல் வேண்டும். முறையற்ற காவல் வேறு, கெட்ட எண்ணத்துடன் தொடுத்த குற்றவழக்கு வேறு. முன்னதில் காவலில் வைக்கப்பட்டதை வாதி நிரூபித்தால், அது சட்டப்படியானதே என்று காட்டும் பொறுப்பு எதிராளியைச் சேரும். பின்னதில், வழக்கு நமக்குச் சாதகமாக முடிந்தது, அதற்குத் தக்க காரணம் இருக்கவில்லை, தீய நோக்கம் இருந்தது, நமக்குக் கேடு விளைந்தது ஆகியவற்றை நாமே மெய்ப்பிக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பு ஒன்றே போதாது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இரண்டுக்கும் ஓராண்டே தருகிறது. காவல் முடிந்த நாளிலிருந்தோ, குற்றவழக்கு முடிந்த நாளிலிருந்தோ அது தொடங்கும். சர்க்காருக்கு இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்தல் பொது விதி. அந்த இரண்டு மாதம் ஓராண்டுக் கணக்கில் சேராது. தீங்கு நேர்ந்த ஊரிலோ, எதிராளி வசிக்கும் ஊரிலோதான் வழக்குத் தொடுக்க இயலும்.

பிற மாநிலத்தில் வாழ்வோருக்கு இந்தக் கடைசி விதி பெருஞ்சுமை. பட்டது போதும் என்று சொந்த ஊர் திரும்பியவர், பழி நேர்ந்த ஊருக்கே மீண்டும் சென்று வழக்காட வேண்டும். அதற்குள் ஓராண்டும் ஓடிவிடும். ஆகையால் கைதுக் குறிப்பு, ஜாமீன் உத்தரவு, தீர்ப்பின் நகல், இழந்த சம்பளத்தின் கணக்கு ஆகியவற்றை விடுதலையான அன்றே திரட்டி, தக்க வழக்கறிஞரை அணுகுதல் அறிவுடைமை. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் காலத்தில் கேட்பவருக்கே அது கைக்கு வருகிறது.